மானிடவியல் தாளுக்குத் திருகோணமலையிலிருந்து படிக்கிறவர்களுக்கு

ஆசிரியப் பயிற்சிக்கோ சமூகப்பணிக் கற்கைக்கோ சேர்ந்தவர்கள் கலாசார மானிடவியல் என்ற பாடத்தைக் கண்டதும் வரைவிலக்கணங்களை மனனம் செய்யத் தொடங்கிவிடுகிறார்கள். பண்பாடு என்றால் என்னவென்று 1871 இல் எட்வர்ட் டைலர் சொன்னது, ஒரு பண்பாட்டை அதன் சொந்த அளவுகோலாலேயே புரிந்துகொள்ள வேண்டும் என்று பிரான்ஸ் போவாஸ் முன்வைத்த பண்பாட்டுச் சார்பியம், மக்களோடு வாழ்ந்து பார்த்தறியும் பங்கேற்பு அவதானிப்பின் சிறப்புகள் என்று கொப்பி நிறைந்துவிடும். இவை தேவைதான். ஆனால் இவற்றோடு நின்றுவிடும் விடை, வாசிப்பவருக்கு எந்த ஊரிலிருந்தும் எழுதப்பட்டதாகவே தோன்றும். வேலைக்குப் போன பிறகு அந்த மனனம் கைகொடுக்கவும் மாட்டாது. திருகோணமலையில் இருப்பவர்களுக்கு ஒரு பெரிய வாய்ப்பு உண்டு. தமிழ், முஸ்லிம், சிங்கள மக்களும், மூதூர் கிழக்கில் தமிழ் பேசும் கரையோர வேடர் சமூகத்தவரும் ஒரே மாவட்டத்துக்குள் வாழ்கிறார்கள். பாடத்தை அங்கிருந்து தொடங்குங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது.

பங்கேற்பு அவதானிப்புக்கு மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கியை எடுத்துக்கொள்வோம். முதலாம் உலகப் போர்க் காலத்தில், 1915 முதல் 1918 வரை, இரு தடவைகளாக, நியூகினிக்கு அருகிலுள்ள ட்ரோப்ரியன்ட் தீவுகளில் கிராமத்தின் நடுவே கூடாரமடித்துத் தங்கினார். அந்த மக்களின் மொழியைக் கற்றார். சங்கு மாலைகளும் கைவளைகளும் தீவுக்குத் தீவு எதிரெதிர்த் திசைகளில் கைமாறும் குலா முறையை 1922 இல் நூலாக எழுதினார். தாளில் இதை எழுத மூன்று வரி போதும். நான்காம் வரியிலிருந்து நீங்கள் பேச வேண்டும். அதற்கு ஒரு விடியற்காலையில் நிலாவெளிக் கரைக்குப் போய்க் கரைவலை இழுப்பதைப் பாருங்கள். இரண்டு வரிசையாகப் பின்னோக்கி நடந்து கயிறு இழுக்கிறார்கள். மீன் சேரும் வலைப்பையான மடி கரைக்கு வரும்போதுதான் வேலையின் வேகம் கூடுகிறது. வரிசையின் கடைசியில் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருக்கும் பையன் எட்டாம் வகுப்பு மாணவனாக இருக்கக்கூடும். மீன் பிரித்த பிறகு வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டிக்கு எவ்வளவு, இழுத்தவர்களுக்கு எவ்வளவு, அந்தப் பையனுக்கு என்ன, அவன் அதை யாரிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறான் என்று கேளுங்கள்.

குறிப்பேட்டின் பக்கத்தை நடுவில் கோடிட்டுப் பிரித்துவிடுவது நல்லது. இடப்பக்கத்தில் கண்டதும் கேட்டதும், வலப்பக்கத்தில் உங்களுக்குத் தோன்றியது. "காலை ஏழு மணிக்குக் கயிறு சுருட்டினான்" இடப்பக்கத்துக்கு உரியது. "பெற்றோருக்குப் படிப்பில் அக்கறை இல்லை" வலப்பக்கத்துக்கு உரியது. அதையும் பென்சிலால்தான் எழுத வேண்டும். வாடைக் காலத்தில் கடல் கொந்தளிக்கும்போது இதே வீட்டின் அன்றாடம் எப்படி மாறுகிறது என்று பார்த்துவிட்டு வலப்பக்கத்தை மறுபடி வாசியுங்கள். பல வரிகளை அழிக்க வேண்டியிருக்கும். தன் பண்பாட்டை அளவுகோலாக வைத்துப் பிறரை எடைபோடும் இனமையவாதம் ஆசிரியரின் தொழிலை எவ்வாறு பாதிக்கிறது என்ற வினாவுக்கு அந்த அழித்தலே சிறந்த உதாரணம்.

உறவுமுறை அலகை வெறும் படமாக நினைத்துப் பலர் விட்டுவிடுகிறார்கள். என்னுடைய பார்வையில், பாடசாலைக்கும் சிறுவர் பராமரிப்புக்கும் இதைவிடப் பயனுள்ள அலகு இல்லை. ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம், திருமணத்துக்கு இரட்டைக் கோடு, இறந்தவருக்குக் குறுக்குக் கோடு. இந்தக் குறிகளோடு மூதூர்ப் பக்கத்தில் ஒரு மாணவியின் அம்மம்மாவோடு விறாந்தையில் அமர்ந்து படம் வரைந்தேன். பிள்ளைகளை எண்ணும்போது, சுனாமியில் போன மகனையும் வரிசையில் சேர்த்தார். "அவனையும் போடுங்கள் டீச்சர், அவன்தான் மூத்தவன்" என்றார். குறுக்குக் கோட்டோடு முக்கோணத்தைப் போட்டேன். விரலால் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த பிள்ளைக்குப் போனார்.

அந்தப் படம் முடிந்தபோது வகுப்பறையில் புரியாத ஒன்று புரிந்தது. மாணவியின் தாய் குவைத்தில் வேலை செய்கிறார். தாய்க்குச் சீதனமாகக் கிடைத்த வீடும் பெரியம்மாவின் வீடும் ஒரே வளவுக்குள் இருக்கின்றன. பிள்ளை ஒரு வீட்டில் சாப்பிட்டு மற்ற வீட்டில் படுக்கிறாள். தேர்ச்சி அறிக்கையில் ஒரு தவணை பெரியம்மாவும் மறு தவணை அம்மம்மாவும் கையெழுத்திடுகிறார்கள். படிவத்தில் பாதுகாவலருக்கு ஒரே ஒரு கோடுதான் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுக் கவனிக்க ஆளில்லாத பிள்ளை என்று முடிவெடுப்பது எவ்வளவு எளிது! கிழக்கில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் மகளுக்கு வீடு கொடுக்கும் வழக்கம் இருப்பதால், தாயின் சகோதரிகள் பக்கத்திலேயே இருப்பது இங்கே இயல்பு. அக்கரைப்பற்றில் ஆய்வு செய்த டெனிஸ் மக்கில்வ்ரே, அங்கே இரு சமூகங்களிலும் உள்ள தாய்வழிக் குடி (குல) முறையை விரிவாக எழுதியிருக்கிறார். குடும்பம் பற்றிய வினா வந்தால், பாடநூலிலுள்ள தனிக்குடும்பம், கூட்டுக்குடும்பம் என்ற இரண்டு பெட்டிகளோடு நிற்காமல் இந்த வளவைப் பற்றி எழுதுங்கள்.

சடங்குகள் பற்றி வான் ஹெனப் 1909 இல் சொன்ன பிரிதல், இடைநிலை, மீளச் சேர்தல் என்ற மூன்று கட்டங்களைக் கன்னியாவில் காணலாம். இராவணன் தன் தாய்க்கு ஈமக்கடன் செய்த இடம் என்ற ஐதிகமுள்ள அந்த வெந்நீர்க் கிணறுகளுக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி என்ற இறந்தோருக்கான சடங்குக்காக மக்கள் வருகிறார்கள். கணவனை இழந்த முஸ்லிம் பெண் நான்கு மாதமும் பத்து நாளும், பெரும்பாலும் வெளியே போகாமல், இத்தா என்ற துக்கக் காத்திருப்பில் இருக்கிறார்; இதுவும் ஓர் இடைநிலைதான். உதவித்தொகை விசாரணைக்கு அலுவலகம் வரும்படி அந்த நாட்களில் கடிதம் அனுப்பிவிட்டு, "அழைத்தும் சமுகமளிக்கவில்லை" என்று கோப்பில் எழுதினால் அந்த வீட்டுக்கு உதவி தவறிப்போகும். ஒரு பெண் உத்தியோகத்தர் வீட்டுக்குப் போனால் விடயம் முடிந்தது. சமூகப்பணி மாணவர்கள் கோட்பாட்டின் பயனைக் காட்ட இந்த ஒரு பந்தியே போதும்.

கரையோர வேடரைப் பற்றி எழுதுகிறவர்கள் 1911 இல் வெளிவந்த செலிக்மன் தம்பதியரின் நூலோடு நிறுத்திவிட வேண்டாம். இன்று பாடசாலைப் பையோடு போகும் பிள்ளைகளையும் உங்கள் விடையில் எழுதுங்கள்.

மாணவர்கள் பெரும்பாலும் தடுமாறும் வினா இதுதான்: பண்பாட்டுச் சார்பியத்தை ஏற்றால் சிறுவர் உரிமையைக் கைவிட வேண்டுமா? இல்லை என்று முதல் வரியிலேயே தெளிவாக எழுதுங்கள். 1947 இல் அமெரிக்க மானிடவியல் சங்கம் உலகளாவிய மனித உரிமைப் பிரகடன முயற்சியை ஐயத்தோடு பார்த்தது. 1999 இல் அதே சங்கம் மனித உரிமைகளுக்கு ஆதரவான பிரகடனத்தை வெளியிட்டது. இலங்கை 1991 இல் சிறுவர் உரிமைகள் சமவாயத்தை ஏற்றது. 5 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். ஆகவே கயிறு சுருட்டும் பையன் வகுப்பறைக்கு வந்தே ஆக வேண்டும். அவனை எப்படி வரவைப்பது என்பதற்குத்தான் மானிடவியல் உதவுகிறது. அந்தப் பங்குப் பணம் வீட்டில் எதற்குப் போகிறது என்று அறிந்தவர், சம்மாட்டியோடும் தாயோடும் பேசி ஒரு வழி காண்பார். அறியாதவர் எச்சரிக்கைக் கடிதம் அனுப்புவார். பையன் பாடசாலையை விட்டே விலகிவிடுவான். ஒரு பிள்ளைக்கு அடி, துன்புறுத்தல் நடக்கிறது என்று தெரிந்தால் வழக்கம், மரபு என்ற பேச்சே வேண்டாம். உரியவர்களுக்கு உடனே அறிவிக்க வேண்டும். இந்த வேறுபாட்டை விடையில் ஒளிக்காமல் எழுதுங்கள்.

கள அறிக்கையில் பெயர்களை மாற்றுங்கள். சிறிய கிராமத்தில் பெயரை மாற்றினாலும் தொழிலும் பிள்ளைகளின் எண்ணிக்கையும் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும், அவற்றையும் கவனியுங்கள். போரையும் இடம்பெயர்வையும் கண்ட வீடுகளில் கொப்பியைத் திறக்குமுன் அனுமதி கேளுங்கள். சிலர் பேசுவார்கள், எழுத வேண்டாம் என்பார்கள், எழுதாதீர்கள். ஒப்படைக்குமுன் உரிய பகுதியை அவர்களிடம் வாசித்துக் காட்டி, வேண்டாம் என்றதை நீக்கிய பிறகே அறிக்கையைக் கொடுங்கள்.