கோபத்துக்கு மதிப்பெண்

மொரிஷியஸில், எபேன் சைபர் சிட்டியில், ஒரு கால் சென்டரின் மென்பொருளைப் பராமரிப்பது என் வேலை. ரீயூனியனிலும் அவர்களுக்கு ஒரு கிளை உண்டு. முக்கால் மணி நேர விமானப் பயணம்தான், ஆனால் அது பிரான்ஸ் மண், அதனால் ஐரோப்பிய ஒன்றியம்.

அழைப்பு முடிந்ததும் மென்பொருள் ஊழியரின் குரலை அலசி, எரிச்சலா சோர்வா என்று கணித்து, அவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு போடும். பணியிடத்தில் ஊழியரின் உணர்ச்சியை இப்படி ஊகிப்பதை ஐரோப்பிய ஏஐ சட்டம் 2025 பிப்ரவரி 2 முதல் தடை செய்தது. மருத்துவம், பாதுகாப்புக் காரணங்களுக்கு மட்டும் விலக்கு. (வாடிக்கையாளரின் கோபத்தை அளப்பது இந்தத் தடைக்குள் வராது. அது தனி வேடிக்கை.)

செட்டிங்ஸில் ரீயூனியனுக்கு நேரே இருந்த டிக்கை எடுத்தேன். அடுத்த வரி மொரிஷியஸ்.

"இதையும் எடுத்துடலாமா சார்?" என்று மேலாளரிடம் கேட்டேன். சென்னைக்காரர், நிதானமானவர்.

"இங்கே எந்தச் சட்டம் கேக்குது?"

"2017 தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கே சார்."

"அதுல உணர்ச்சியைக் கணிக்காதேன்னு எங்கே இருக்கு?"

அப்படி நேரடியாக இல்லைதான். டிக் அப்படியே இருந்தது. ரீயூனியனில் ஆள் இல்லாதபோது அழைப்பு இங்கே திரும்பும். அதே வாடிக்கையாளர், அதே வசவு. எடுப்பவர் எபேனில் இருந்தால் மட்டும் சிவப்பு விழும்.

அதே 2025 பிப்ரவரி 10, 11இல் பாரிஸில் ஏஐ உச்சி மாநாடு. 11 இங்கே தைப்பூசக் காவடி விடுமுறை. அமெரிக்காவும் பிரிட்டனும் கூட்டறிக்கையில் கையெழுத்திடவில்லை என்பதைக் கோயில் வாசலில் நின்று போனில் படித்தேன். 2023இல் பிரிட்டனின் பிளெட்ச்லி பார்க்கில் நடந்த ஏஐ பாதுகாப்பு மாநாட்டில் ஒரு கூட்டறிக்கையை 28 நாடுகள் ஒப்புக்கொண்டபோது ஆப்பிரிக்காவிலிருந்து கென்யா, நைஜீரியா, ருவாண்டா மட்டுமே இருந்தன. கைமீறிப் போகக்கூடிய பெரிய மாடல்களைப் பற்றி அங்கே பேசினார்கள். பேச வேண்டியதுதான். ஆனால் சிவப்பு விழுகிற பெண்ணுக்கு அதில் ஒன்றுமில்லை.

எனக்கு நம்பிக்கை வேறொரு வழியில். ஐரோப்பிய கவுன்சிலின் (இது ஐரோப்பிய ஒன்றியம் அல்ல, வேறு அமைப்பு) 108ஆம் உடன்படிக்கை தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கானது; அதில் மொரிஷியஸ் 2016இல் சேர்ந்தது. அடுத்த வருடமே அந்தத் தரவுச் சட்டம் வந்தது. அதே கவுன்சில் ஏஐக்கான உடன்படிக்கையை 2024 செப்டம்பரில் வில்னியஸில் கையெழுத்துக்கு வைத்தது. ஐரோப்பாவுக்கு வெளியே உள்ள நாடுகளும் சேரலாம். ஒரு ஓட்டை: தனியார் நிறுவனங்களை எப்படிக் கட்டுக்குள் வைப்பது என்பதைப் பெரும்பாலும் அந்தந்த நாட்டிடமே விட்டிருக்கிறார்கள்.

சரி, சட்டம் வருகிறபோது வரட்டும். ரீயூனியனுக்காகப் பேசும் எல்லா ஊழியருக்கும், எந்தத் தீவில் உட்கார்ந்திருந்தாலும், ஒரே விதி என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லி எழுதியிருக்கிறேன். சட்டப் பிரிவு இன்னும் வாய் திறக்கவில்லை.