தாமானும் காம்பவுண்டும்: மலைச்சரிவில் பூந்தோட்டம் போடுவது

மலாய் மொழியில் 'கெபுன்' என்றால் விளைச்சலுக்குப் போட்ட தோட்டம். 'தாமான்' என்றால் பார்க்கவும் உலாவவும் அமைத்த தோட்டம். ஆங்கிலத்திலும் இந்தத் தாமான் அரிதாகத் தலைகாட்டும். மலேசியத் தமிழர்களுக்கு அது அன்றாடச் சொல், ஆனால் அங்கே அது குடியிருப்புப் பகுதிகளின் பெயராகிவிட்டது. நீலகிரியில் 'தோட்டம்' என்றதும் தேயிலையோ கேரட்டோதான் மனதில் வரும். பூவுக்கென்றே வைத்த இடம் பூங்கா. பூவும் காவும் சேர்ந்த அந்தச் சொல்தான் தாமானுக்குச் சரியான தமிழ்.

இந்தோனேசியாவில், யோக்யகர்த்தா நகரின் தாமான் சாரியில் குளங்கள், பாலியின் தாமான் ஆயுனில் அகழி. இரண்டிலும் தேங்கி நிற்கும் தண்ணீர்தான் அழகு. நம் சரிவுகளில் ஓடி இறங்கும் தண்ணீருக்கு வழி விட்ட பிறகுதான் அழகைப் பற்றியே யோசிக்க முடியும். குன்னூர் சிம்ஸ் பூங்கா 1874ல் உருவானது. பள்ளத்தை நிரவாமல், சரிவை ஒட்டியே பாதைகளும் பாத்திகளும் இறங்குகின்றன. குளம் இருப்பது அடிப்பகுதியில். வீட்டுத் தோட்டத்துக்கும் அதே கணக்குதான்.

முதல் வேலை மேல் ஓரத்தில். தோட்டத்துக்கு மேலே, சரிவின் குறுக்காக ஒரு வெட்டு வாய்க்கால் எடுங்கள். ஒரு அடி அகலம், ஒரு அடி ஆழம், நூறு அடிக்கு ஒரு அடி இறக்கம் இருந்தால் போதும். இறக்கம் அதிகமானால் தண்ணீர் மண்ணை அரிக்கும், குறைந்தால் வண்டல் படிந்து வாய்க்கால் தூர்ந்துபோகும். ஐப்பசி மழைக்கு முன்னால் இலைதழைகளை வாரிவிட வேண்டும். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் பெருமழை அப்போதுதான்.

அடுத்தது தடுப்புச் சுவர். மூன்று அடி உயரம் வரை சிமெண்டு இல்லாத கல் அடுக்கே நல்லது, இடுக்கு வழியே நீர் தானாகக் கசிந்துவிடும். கெட்டி மண் வரும்வரை ஒரு அடியாவது தோண்டி, அடிக்கல்லைப் பெரிதாக வையுங்கள். அடியில் ஒன்றரை அடி கனம், உச்சியில் ஒரு அடி. முகம் மேட்டுப் பக்கம் ஆறு அங்குலம் சாய்ந்திருக்க வேண்டும். சுவருக்குப் பின்னால் ஒரு அடி அகலத்துக்கு உடைகல் நிரப்பிய பிறகே மண் போட வேண்டும். சிமெண்டு வைத்துத்தான் கட்டுவேன் என்றால் ஐந்து அடிக்கு ஒரு இரண்டு அங்குலக் குழாயை வெளிப்பக்கம் சரிவாகப் பதியுங்கள். அந்தக் குழாயின் உள்வாயில் ஜல்லி இல்லாவிட்டால் முதல் மழையிலேயே சேறு அடைத்துவிடும். பின்னால் தேங்கிய நீரின் அழுத்தத்தில் சுவர் நடுவில் வயிறு தள்ளும். வயிறு தள்ளிய சுவரை முட்டுக் கொடுத்து நிறுத்த முடியாது, பிரித்துக் கட்டத்தான் வேண்டும். உயரம் அதிகம் வேண்டுமென்றால் இரண்டு சுவராகப் பிரித்து, நடுவில் மூன்று அடி பாத்தி விடுங்கள். அதுவே பூவுக்கு நல்ல இடம்.

தாமானைப் போல ஒரு சின்னக் குளம் ஆசை என்றால், வெட்டி எடுத்த பகுதியில் அமையுங்கள். கொட்டி நிரப்பிய மண் ஒரு மழைக்காலத்திலேயே இறங்கும், தொட்டி விரிசல் விடும், கசியும் நீர் சரிவையே இளக்கும். ஒன்றரை அடி ஆழம் தாராளம். நிரம்பி வழியும் நீருக்கு மூன்று அங்குலக் குழாய் கட்டாயம் வேண்டும். அது போய்ச் சேர வேண்டிய இடம் கல் பாவிய வாய்க்கால், பக்கத்து வீட்டு மேடு அல்ல.

இனி காம்பவுண்டு. இந்தச் சொல்லும் மலாய் 'கம்போங்'கிலிருந்து வந்தது என்பதே பரவலான கருத்து. கீழ் ஓரத்தில் சந்தில்லாமல் காம்பவுண்டுச் சுவர் எழுப்புவதுதான் ஊட்டித் தோட்டங்களில் நடக்கும் பெரிய தவறு. காற்றில்லாத, மேகமில்லாத மார்கழி இரவில் குளிர்ந்த காற்றும் தண்ணீரைப் போலவே சரிவில் இறங்கும். சுவர் மறித்தால் அங்கேயே தேங்கும். விடிந்து பார்த்தால் மேல் படியில் வெறும் நீர்ப்பனி, கீழ் படியில் புல்நுனி ஒவ்வொன்றிலும் உப்புத் தூவியதுபோல உறைபனி. கீழ்ச் சுவரில் தரையை ஒட்டி ஒரு கம்பிக் கதவு, அல்லது இரண்டு மூன்று அகலமான திறப்புகள் விட்டாலே பெரிய வித்தியாசம் தெரியும். நெருக்கமான உயிர்வேலியும் சுவர் மாதிரிதான், அதன் அடிக்கிளைகளைக் கழித்துவிடுங்கள்.

டாலியா, ஃபியூஷியா, பெகோனியா மேல் படியில் இருக்கட்டும். ஹைட்ராஞ்சியாவைக் கொஞ்சம் ஈரமான அரைநிழலில் வையுங்கள். நம் புளிப்பு மண்ணில் அலுமினியம் கரைவதால் அது நீலமாகவே பூக்கும். பக்கத்துப் பாத்திக்குப் புளிப்பைக் குறைக்க டோலமைட் சுண்ணாம்பு போடும்போது அங்கேயும் சிந்தினால் நீலம் மங்கி இளஞ்சிவப்பாகும். ஸ்காட்ச் புரூம், கோர்ஸ், செஸ்ட்ரம் மூன்றையும் யார் பதியன் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அழகுக்கும் வேலிக்கும் வந்த இவைதான் இன்று சோலைகளின் ஓரத்தையும் புல்வெளியையும் அடைத்துக்கொண்டு நிற்கின்றன.

பனிக்காலத்தில் நாற்றுகளுக்கு மேல் மாலையிலேயே மிலார் செடியின் தழையைப் பரப்புவது ஊட்டி தாவரவியல் பூங்காவின் வழக்கம். இது பிளாஸ்டிக் தாளைவிட மேல். தாள் இலையைத் தொடும் இடமெல்லாம் கருகும். உறைபனி விழுந்துவிட்டால் வெயில் படுவதற்கு முன்னால் தண்ணீர் தெளித்துக் கரையுங்கள். உறைந்த புல்லில் நடந்தால் காலடித் தடம் பழுப்பாகிப் பல நாள் மறையாது. கருகிய கிளைகளை உடனே கவாத்து செய்யவும் கூடாது. காய்ந்த இலைதான் கீழ் மொட்டுக்குப் போர்வை. தை மாதத்தில் வெட்டினால் இளந்துளிர் வந்து அடுத்த பனியில் அதுவும் போகும். பனி முழுக்க ஓய்ந்த பின், மாசிக் கடைசியில், பட்டையை நகத்தால் கீறிப் பச்சை தெரியும் இடத்துக்குச் சற்று மேலே வெட்டுங்கள்.