ஆமா போடாத பையன்

ஏகலைவன் கதைக்கு 12 நிமிடம் போதும். 7 வயதும் 11 வயதும் கலந்து உட்காரும் என் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் அதற்கு மேல் நீட்டினால் சின்னதுகள் மண்டபத்துப் புறாவைப் பார்க்கப் போய்விடும். பெயர் மூன்றுக்கு மேல் வேண்டாம்: துரோணர், அர்ச்சுனன், ஏகலைவன். அப்பா இரணியதனுசு, ஊர் அஸ்தினாபுரம் என்று ஆரம்பித்தால் கதை அங்கேயே படுத்துக்கொள்ளும். நாயின் வாயில் தைத்த 7 அம்பை மட்டும் விட்டுவிடக் கூடாது. விரல் விட்டு எண்ண வைக்கலாம். "நாய் செத்துட்டா?" என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள். சாகவில்லை, வாயோடு அம்பாகப் பாண்டவர்களிடம் ஓடியது என்று உடனே சொல்லிவிட வேண்டும். பதிலைத் தள்ளிப்போட்டால் பாதி வகுப்பு நாயோடேயே நின்றுவிடும், கட்டைவிரல் வரும்போது யாரும் கூட இருக்க மாட்டார்கள்.

அடுத்தது 'ஆமா'. கோயில் கொடையில் வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதே இல்லை. பாட்டை நடத்தும் அண்ணாவி ஒரு வரி சொல்லி நிறுத்துவார், பக்கத்தில் இருப்பவர் ஆமா போடுவார், குடம் ஒரு தட்டு விழும். வகுப்பில் குடத்துக்குப் பதில் பெஞ்சுப் பலகை. ஒரு வாக்கியத்துக்கு ஏழெட்டுச் சொல், முடிவில் குரலை இறக்க வேண்டும், அவ்வளவுதான். சும்மா இருக்க முடியாத பிள்ளைகளுக்கு இது ஒரு வேலை. துறுதுறுப்பெல்லாம் ஆமாவில் போய்விடும். இதில் ஒரு கோளாறும் உண்டு. பத்துப் பன்னிரண்டு ஆமா ஆனபிறகு அவர்கள் வாக்கியத்தைக் கேட்பதில்லை. குரல் இறங்குகிறதா என்று மட்டும் பார்க்கிறார்கள். இறங்கியதும் ஆமா.

அன்று 22 பேர். "குரு கேட்டா குடுக்கணும்லா?" என்று குரலை இறக்கினேன். மண்டபமே ஆமா போட்டது. தூணோரத்தில் ஒருவன் மட்டும் "இல்ல சார்" என்றான்.

"ஏன்லே?"

"அவரு சொல்லியே குடுக்கலயே சார். பொறவு எதுக்கு தட்சிணை கேக்காரு?"

"ஏல, கதைய முழுசாக் கேளு. அவன் பக்தியப் பாரு."

அதோடு சுண்டல் கொடுக்கப் போய்விட்டோம். கதை அப்போதே முடிந்திருந்தது. முழுசாகக் கேள் என்று சொல்ல என் கையில் மிச்சம் எதுவும் இல்லை.

மிச்சம் இருந்ததை முன்னாலேயே நான் வெட்டியிருந்தேன். வியாசரின் ஆதிபருவத்தில் துரோணர் மறுப்பதற்குக் காரணம் வெளிப்படையாகவே இருக்கிறது. வந்தவன் நிஷாதன் மகன், வேடர் குலம். கூடப் படிக்கிற மற்றப் பிள்ளைகளை உத்தேசித்து அவனைச் சேர்க்கவில்லை. நான் சொல்லிவந்தது, 'துரோணர் அரண்மனைப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் சொல்லிக்கொடுத்தார்' என்று. நிஷாதர்களின் அரசன் மகன்தான் ஏகலைவன். ஆக அவனும் அரண்மனைப் பிள்ளையே. என் திருத்தம் கணக்குக்கே உதைக்கிறது.

வெட்டியதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. எந்தக் கையில் எந்தச் சாதியின் நிறக் கயிறு என்று இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும். 2023இல் நாங்குநேரியில் பள்ளி மாணவர்களே சக மாணவனை வீடு புகுந்து வெட்டிய பிறகு அரசு அமைத்த ஒருநபர் குழு, 2024இல் கொடுத்த அறிக்கையில் கயிற்றுக்கே தடை போடச் சொன்னது. அப்படிப்பட்ட ஊரில் நிஷாதன் என்றால் யார் என்று ஒரு பிள்ளை கேட்டால், அடுத்த கேள்வி 'நம்ம ஊர்ல அது யாரு சார்' என்றுதான் வரும். 22 தலையும் ஒரு பக்கமாகத் திரும்பும். யார் பக்கம் என்பது எனக்கும் தெரியும். அந்த ஒரு நொடியைத் தவிர்க்கத்தான் வெட்டினேன். இப்போதும் அது தப்பென்று சொல்ல வாய் வரவில்லை. ஆனால் அவன் கேள்வி நான் வெட்டிய இடத்திலேயேதான் வந்து விழுந்தது. காரணத்தை எடுத்துவிட்டால் துரோணர் வெறும் கஞ்சராகிவிடுகிறார். பையன் கணக்குச் சரி.

பின்பாதியிலும் இதே கதைதான். தனக்கு நிகராக ஒரு சீடன் இருக்க மாட்டான் என்ற வாக்கை அர்ச்சுனன் துரோணரிடம் தனிமையில் நினைவூட்டுகிறான். விரல் போனபின் அவன் மனக்காய்ச்சல் தணிகிறது. ஏகலைவன் மற்ற விரல்களால் எய்கிறான், பழைய வேகம் இல்லை. அதே இடத்தில் அவன் முகம் மலர்ந்தே அறுத்தான் என்றும் இருக்கிறது. அதனால் பக்தி என்பது நானாகக் கட்டிவிட்டதில்லை. அதை மட்டும் உருவி எடுத்து ஆமாவோடு கொடுத்ததுதான் என் வேலை.

இன்னொன்று பிறகுதான் உறைத்தது. பள்ளிச் சுவரில் குழந்தைகள் உதவி எண் 1098 எழுதியிருக்கிறது. யாராக இருந்தாலும், வாத்தியாராகவே இருந்தாலும், பிடிக்காததைக் கேட்டால் 'முடியாது' என்று சொல்ல வாரநாளில் பழக்குகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை என்னிடம் வந்தால் குரு கேட்டால் விரலையே கொடு, ஆமா.

கதையையே மாற்றிவிடலாம் என்றும் பார்த்தேன். திருச்செந்தூர் சாலையில் கிருஷ்ணாபுரம் கோயில் தூணில் பீமனும், பாதி மனிதன் பாதி மிருகமான புருஷாமிருகமும் இருக்கிறார்கள். குமரியில் சிவராத்திரிக்கு 12 சிவாலயம் ஓடுகிறவர்களும் இதே கதையைத்தான் சொல்வார்கள். வியாசரில் இல்லை, நாட்டார் வழக்கு. தரையில் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு கோடு போட வேண்டும்; அதுதான் எல்லை, உள்ளே வந்துவிட்டால் மிருகம் தொடக் கூடாது. பீமன் ஒரு காலைக் கோட்டுக்குள்ளும் ஒரு காலை வெளியிலும் வைத்து நிற்க, மிருகம் பிடித்துக்கொள்ளும். தருமர் தம்பியென்று பார்க்காமல், வெளியில் நின்ற பாதி உடம்பு மிருகத்துக்கே என்று தீர்ப்புச் சொல்ல, அந்த நியாயத்தைப் பார்த்து மிருகம் அவனை விட்டுவிடும். அருமையான கதை. கருங்கல் தரை வழுக்கும்; ஓட விடாமல் எண்ணி எண்ணி நடக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முழங்காலுக்கு மருந்து தேட வேண்டியிருக்கும். ஆனால் "நீ தருமரா இருந்தா?" என்று கேட்டால், "நம்ம ஆள எப்டி சார் விட்டுக்குடுக்க?" என்று வருகிறது. கயிறு அங்கேயும் வந்து நிற்கிறது.

ஏகலைவனை அடியோடு விடுவதும் ஓட்டம்தானே என்று தோன்றி, இப்போது கட்டைவிரலுக்கு முன்னால் கதையை நிறுத்துகிறேன். ஆளுக்கொரு பழந்துணிக் கீற்று. கட்டைவிரலை உள்ளங்கையில் மடக்கி, தளர்வாகக் கட்ட வேண்டும். ரப்பர் பேண்ட் கூடாது, ரத்தம் கட்டும். அந்தக் கையால் பெயர் எழுதச் சொல்லி, சட்டைப் பொத்தான் போடச் சொல்லி 3 நிமிடம். எல்லாராலும் முடிகிறது, மெதுவாக. ஆதிபருவம் சொல்வதும் ஏறக்குறைய அதுதான்.

பிறகு கேள்வி. 'குடுக்கணும்லா' கிடையாது. அந்த 'லா' வாயிலிருந்து விழும்போதே ஆமாவையும் இழுத்துக்கொண்டு வருகிறது. 'குடுக்கணுமா?' என்று குரலை ஏற்றி நிறுத்திவிட்டு, மனசுக்குள் பத்து எண்ண வேண்டும். பெரும்பாலும் ஆறு எண்ணுவதற்குள் பின்வரிசையிலிருந்து யாராவது ஆமா போட்டுவிடுகிறார்கள், பழக்கதோஷம். தூணோரத்துப் பையன் வருகிறான். துணிக்கட்டோடு பொத்தானும் போட்டுவிட்டான். மறுபடி எதுவும் கேட்கவில்லை. துரோணர் ஏன் மறுத்தார் என்ற இடம் வரும்போது, அரண்மனைப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் என்றே இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.