மாடிப்படிக்குக் கீழே ஒரு பையன்

போன ஞாயிறு மதியம் சாப்பிட்டுவிட்டுத் தூக்கம் வராமல் ‘எதிர்நீச்சல்’ போட்டேன். 1968 படம். பாலசந்தர் படம் என்றாலே ‘நாடகத்தைப் படம் பிடிச்சு வெச்சிருக்கார்’ என்று உதட்டைப் பிதுக்குகிற கட்சி நான், ஆனால் இந்தத் தடவை பாதிப் படத்திலேயே கட்சி ஆட்டம் கண்டுவிட்டது.

ஒண்டுக்குடித்தன வீடு, மாடிப்படிக்குக் கீழே நாகேஷ். எடுபிடி வேலை செய்து, எல்லார் வீட்டு மிச்சத்தையும் சாப்பிட்டுப் படிக்கிற மாது. அப்புறம் அந்த இருமல் தாத்தா! கடைசி வரை முகமே காட்டாமல் இருமியே ஒரு ஆள் படம் முழுக்க இருக்கிறார். இது சினிமாக்காரனுக்குத் தோன்றுகிற யோசனை இல்லை. ஒரே செட், கையில் காசு இல்லை, திரைக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் கொடுத்தால் போதும், ஜனங்களே தாத்தாவை உருவாக்கிக்கொள்வார்கள் என்று மேடையில் கற்றுக்கொண்டவனுக்குத்தான் தோன்றும்.

பாலசந்தர் வந்த இடம் அப்படி. சென்னையில் ஏ.ஜி. ஆபீஸ் (அரசுக் கணக்குகளைப் பார்க்கிற அலுவலகம்) வேலை, சாயங்காலமானால் நாடகம். நாகேஷ் ரயில்வே குமாஸ்தா, ஸ்ரீகாந்த் அமெரிக்கத் தூதரகத்தில் வேலை, இப்படி ஆபீஸ் விட்டு வந்தவர்கள் போட்ட சபா நாடகங்கள். ‘மேஜர் சந்திரகாந்த்’தில் பார்வையில்லாத மேஜராக நடித்த சுந்தரராஜனுக்கு அந்த ‘மேஜர்’ ஆயுசுக்கும் ஒட்டிக்கொண்டது. பாலசந்தர் எழுதிய ‘சர்வர் சுந்தரம்’ நாடகம் 1964இல் படமானபோது இயக்கியது கிருஷ்ணன்-பஞ்சு. மறு வருஷம் தன் ‘நீர்க்குமிழி’ நாடகத்தைத் தானே படமாக்கித்தான் இவர் இயக்குநரானார், அதுவும் பெரும்பாலும் ஓர் ஆஸ்பத்திரிக்குள்ளேயே நடக்கிற கதை.

‘அபூர்வ ராகங்க’ளில் (1975) ரஜினி கேட்டைத் தள்ளித் திறந்துகொண்டு வருவாரே, அதைக்கூட எனக்கு இப்போது மேடைப் பிரவேசமாகத்தான் பார்க்க முடிகிறது.

இதற்கு நேர் எதிராக ஒன்று, ‘தண்ணீர் தண்ணீர்’ (1981). கோமல் சுவாமிநாதனின் நாடகம். அதை வெயிலுக்கும் வறண்ட மண்ணுக்கும் இழுத்துக்கொண்டு போய்விட்டார். ஆக, மேடையை விட்டு வெளியே வரத் தெரியாத ஆள் என்றும் சொல்ல முடியாது.

டிவிக்கு வந்தபோது பெரிய டைரக்டர் சீரியல் எடுப்பதா என்று எங்கள் வீட்டிலேயே ஒரு பெரியப்பா முகம் சுளித்தார் (ஆனால் ‘ரயில் சிநேகம்’ ஒரு வாரமும் தவறவிட்டதில்லை, அதில் வருகிற ‘இந்த வீணைக்குத் தெரியாது’ பாட்டு ஆரம்பித்தால் நாங்கள் மூச்சுவிடக் கூடாது). எனக்கென்னவோ அவருக்குச் சரியான அளவுச் சட்டை டிவிதான் என்று தோன்றுகிறது. நாலு சுவர், இரண்டு பேர், பேச்சு. சினிமாவில் குறையாகத் தெரிந்தது அங்கே குறையே இல்லை. ‘சிந்து பைரவி’ படத்தில் குழந்தையைக் கொடுத்துவிட்டு சிந்து கிளம்பிப் போனாளே, அந்தக் குழந்தை என்ன ஆகியிருக்கும் என்று ‘சஹானா’ சீரியலில் பல வருஷம் கழித்துத் தொடர்ந்தார். சில சீரியல்கள் ஜவ்வாக இழுத்தன, அதுவும் உண்மைதான்.

கடைசிக் காலத்தில் மறுபடி மேடைக்கே போய் ‘பௌர்ணமி’ போட்டார். பால்கே விருதெல்லாம் வாங்கி, 2014 டிசம்பரில் போய்ச் சேர்ந்தார். ‘பௌர்ணமி’ நடந்தபோது டிக்கெட் கிடைத்தும் மழை என்று சொல்லி நான் போகவில்லை. அப்போதுதான் எங்கள் கட்சியில் நான் தீவிரமாக இருந்தேனே.