ஒரே ஷாட்டைப் பற்றிய கட்டுரை: நாட்குறிப்பு

மார்ச் 3

திரைப்பட ஆய்வுப் பாடத்தின் கட்டுரைக்கு ஆர்சன் வெல்ஸின் 'சிட்டிசன் கேன்' (1941) படத்தை எடுத்துக்கொண்டேன். படம் முழுவதையும் அலசப் போவதில்லை. சிறுவன் சார்லஸ் வெளியே பனியில் விளையாடிக்கொண்டிருக்க, அவனை வங்கியாளர் தாட்சரின் பொறுப்பில் விடும் பத்திரத்தில் தாய் கையெழுத்திடும் காட்சி மட்டுமே போதும்.

மார்ச் 5

ஒலியை நிறுத்திவிட்டு, சட்டகத்தில் யார் எங்கே இருக்கிறார்கள் என்பதை மட்டும் எழுதினேன். கேமரா சன்னலிலிருந்து பின்னோக்கி நகர, முன்னால் மேசையருகே தாயும் தாட்சரும் அமர்கிறார்கள்; சற்றுப் பின்னால் நின்று தந்தை மறுத்துப் பேசுகிறார்; அவர்களுக்கெல்லாம் அப்பால், சன்னலுக்குள் அடங்கிய சிறு உருவமாகச் சிறுவன் ஓடியாடுகிறான். ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்ட் அகலக் கோண லென்ஸையும் சிறிய லென்ஸ் துளையையும் வலுவான ஒளியையும் கொண்டு இவ்வளவு தொலைவையும் தெளிவாகப் பதிவு செய்திருப்பதால், அவனைக் காட்டத் தனி ஷாட் தேவைப்படவில்லை.

மார்ச் 8

அருகிலிருப்பதையும் தொலைவிலிருப்பதையும் ஒருசேரத் தெளிவாகக் காட்டும் இந்த டீப் ஃபோகஸ் முறை பார்வையாளரின் கண்ணுக்குத் தேர்வுச் சுதந்திரம் தருகிறது என்பது பிரெஞ்சுத் திரைப்பட விமர்சகர் ஆந்த்ரே பஸானின் வாதம். அதை மதிக்கிறேன், ஆயினும் இந்த ஷாட்டில் அச்சுதந்திரம் சமமாகப் பங்கிடப்படவில்லை. பனியின் வெண்மையும் ஓயாத அசைவும் கண்ணைச் சன்னலுக்கே இழுக்கின்றன. தன் வாழ்க்கை முடிவாவதை அறியாத ஒருவனையே நாம் திரும்பத் திரும்பப் பார்க்க நேர்கிறது. இதுவே என் மையக் கருத்து.

மார்ச் 9

இன்று ஒலியோடு பார்த்தேன். தந்தை சன்னலைச் சாத்தியதும் சிறுவனின் குரல் அறுந்துபோகிறது. பிறகு தாய் எழுந்து சென்று அதைத் திறக்கிறாள். குரல் உயர்த்திப் பேசிய தந்தையைவிட, அதிகம் பேசாத தாயிடமே அதிகாரம் இருப்பதை அந்தச் சன்னல் உணர்த்துகிறது. இதற்கு மட்டும் ஒரு முழுப் பத்தி ஒதுக்கினேன். கதைச் சுருக்கத்துக்கு இரண்டு வரிகள் போதும்.

மார்ச் 12

அதே படத்தில், வளர்ந்துவிட்ட சார்லஸின் இரண்டாம் மனைவி சூசன் நஞ்சருந்தும் காட்சியையும் சேர்க்க வேண்டியதாயிற்று. முன்னால் கண்ணாடிக் குவளை, நடுவில் படுக்கை, கோடியில் கதவு என்று ஒரே வீச்சில் எடுத்ததாகத் தோன்றும் அந்த ஷாட், ஒரே படச்சுருளைப் பின்னோக்கிச் சுற்றி மீண்டும் ஒளிபடச் செய்து உருவாக்கப்பட்டது. ஆழத்தைத் தடையற்ற யதார்த்தமாக வாசிப்பதற்கு இது வலுவான மறுப்பு. அடிக்குறிப்பில் ஒதுக்காமல், பஸானைப் பற்றிய பத்திக்கு அடுத்தே வைத்துவிட்டேன்.