ஆடி மாதத்து உள்கடன்

ஜவ்வாது மலையில் மலையாளிப் பழங்குடிப் பெண்களின் சுய உதவிக் குழுக் கூட்டமொன்றில் அமர்ந்திருந்தபோதுதான், சேமிப்பைப் பற்றி நான் கொண்டிருந்த கருத்து மாறியது. குழுவின் இரும்புப் பெட்டி ஒருவர் வீட்டிலும், அதன் சாவி வேறொருவரிடமும் இருந்தன. இருவரும் வந்து சேர்ந்த பிறகே கூட்டம் தொடங்கியது. வருகையைப் பதிந்து, சந்தாப் பணத்தை எண்ணி வைத்த பின், ஆடியில் யார் யாருக்கு உள்கடன், அதாவது குழுவின் சொந்தச் சேமிப்பிலிருந்தே உறுப்பினருக்குக் கொடுக்கும் கடன், வேண்டியிருக்கும் என்ற பேச்சுதான் வெகுநேரம் நடந்தது.

பங்குனிவாக்கில் புளி விற்ற பணம் ஆடிக்குள் கரைந்துவிடும். விதைத்த சாமை வீடு வந்து சேர இன்னும் மாதங்கள் ஆகும். அந்த இடைவெளியில்தான் வியாபாரியின் முன்பணம் வீட்டுக்குள் நுழைகிறது. வாங்கியவர் அடுத்த பருவத்துப் புளியை அவருக்கே போட வேண்டும். விலையும் அவர் சொல்வதே, தராசும் அவருடையதே. குழு கொடுக்கும் சில ஆயிரம் ரூபாய் அந்தக் கட்டை அவிழ்க்கிறது. வட்டி குறைவு என்பதைவிட இதையே பெரிய பயனாக நான் கருதுகிறேன்.

கூட்டம் முடிந்து ஓர் அக்காவின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்தேன். அவர் ஓடு நீக்கிய புளியைக் கருங்கல்மேல் வைத்து, சிறு சுத்தியலால் தட்டி, கொட்டையைப் பிதுக்கித் தள்ளி, நாரை இழுத்துப் போட்டுக்கொண்டே பேசினார். கொட்டை எடுத்த புளிக்குக் கூடுதல் விலை உண்டென்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். ஆனால் மூட்டை மூட்டையாக இப்படித் தட்டி முடிக்கும்வரை வீட்டில் அரிசி இருக்க வேண்டுமே. அதற்கு வழியில்லாதவர்கள் கொட்டைப் புளியாகவே போட்டுவிடுவார்கள். முன்பு தாமும் அப்படித்தான் போட்டதாக அவர் சொன்னார்.

தமிழ்நாட்டில் இக்குழுக்கள், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கின. 1992-இல் வேளாண்மைக்கும் ஊரக வளர்ச்சிக்குமான தேசிய வங்கியான நபார்டு, குழுக்களை வங்கிக் கடனோடு இணைக்கத் தொடங்கியது. பழங்குடிப் பகுதிகளில் ஐந்து பேர் இருந்தாலே குழு அமைக்கலாம் என்று தேசிய ஊரக வாழ்வாதார இயக்கம் விதியைத் தளர்த்தியிருப்பது, சிதறிக் கிடக்கும் சிற்றூர்களுக்கு மிகவும் உதவும். எனினும் மாதந்தோறும் ஒரே தொகையைச் சேமிக்க வேண்டும் என்ற பழக்கம் மாதச் சம்பளக்காரருக்குப் பொருந்துமே தவிர, புளியும் தேனும் சாமையும் வரும்போது மட்டும் காசு பார்க்கும் பெண்ணுக்குப் பொருந்தாது. பருவத்தில் கூடுதலாகவும் கையில் காசில்லாத மாதங்களில் பெயரளவுக்கும் சேமிக்கக் குழுக்களை அனுமதிக்க வேண்டும். வங்கிக் கடனுக்காகக் குழுக்களைத் தரமதிப்பீடு செய்பவர்கள் அதைக் குறையாக எண்ணக் கூடாது.

2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், மரபாகச் சேகரித்துவரும் புளி, தேன் போன்ற சிறு வன மகசூலின் மீது காட்டுவாசிகளுக்கே உடைமையுரிமை அளிக்கிறது; மணமானவர்களுக்கு நில உரிமைப் பட்டத்தைக் கணவன், மனைவி இருவர் பெயரிலும் கூட்டாகவே வழங்க வேண்டும் என்றும் சொல்கிறது. குழுக் கூட்டங்களில் கடன் கணக்கோடு இதையும் வாசித்துக் காட்ட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஏனெனில் அந்தப் பெண்கள் தவறாமல் ஒன்றுகூடும் இடம் அதுதான்.

அன்றைய கடைசித் தீர்மானம் தராசு பற்றியது. குழுப் பணத்தில் ஒரு தராசு வாங்குவது, வரும் பருவத்தில் வியாபாரிக்குப் போகும் ஒவ்வொரு மூட்டையையும் முதலில் அதில் நிறுத்து நோட்டில் எழுதுவது என்று முடிவாயிற்று. குழுவை வழிநடத்தும் ஊக்குநர் அதை உரக்கப் படித்ததும் 12 பேரும் வரிசையாக வந்தார்கள்; இருவர் கைநாட்டு வைத்தார்கள், மற்றவர்கள் நிதானமாகக் கையெழுத்திட்டார்கள்.