நண்பர்களின் படங்களைச் சுவரில் ஏற்றும்போது

ஓவியங்கள் வந்து இறங்கியதுமே ஆணியும் சுத்தியலுமாகக் கிளம்பிவிடக் கூடாது. நண்பர்கள் ஆறேழு பேர் சேர்ந்து வைக்கும் கூட்டுக் கண்காட்சியில் முதல் அரைநாள் தரையிலேயே போக வேண்டும். சுவரோரம் கனமான துணி விரித்து, எல்லாப் படங்களையும் சாய்த்து வைத்து, நடந்து நடந்து பார்க்க வேண்டும். இரண்டு மீட்டர் அகலச் சிவப்புக் கேன்வாஸுக்குப் பக்கத்தில் உள்ளங்கை அளவு பென்சில் ஓவியத்தை மாட்டினால், அது இருப்பதே தெரியாது. அதற்கே ஒரு தனிச் சுவரைக் கொடுத்துப் பாருங்கள்: வருகிறவர்கள் கிட்டே போய், குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள். சத்தமில்லாமல் வேலை செய்யும் கலைஞருக்கு நாம் செய்யும் மரியாதை அந்தச் சுவர்தான்.

உயரத்தைப் படத்தின் நடுப்புள்ளியிலிருந்து கணக்கிட வேண்டும். தரையிலிருந்து 145 முதல் 155 சென்டிமீட்டருக்குள் ஓர் அளவைத் தேர்ந்தெடுத்து, கூடம் முழுக்க அதையே பிடித்துக்கொள்வது நல்லது. நடுக்கோடு 150 என்று வைத்துக்கொள்வோம். ஃப்ரேமின் உயரம் 60, பாதி 30. பின்புறக் கம்பியை விரலால் இழுத்துப் பிடித்தால் மேல் விளிம்பிலிருந்து 8 சென்டிமீட்டர் கீழே நிற்கிறது. 150 + 30 − 8 = 172; கொக்கி அங்கே. பலர் கம்பியைத் தளர்வாக விட்டே அளந்துவிடுகிறார்கள். மாட்டிய பிறகுதான் படம் இறங்கியிருப்பது தெரியும். ஒற்றைக் கொக்கியில் தொங்கும் படம் கதவு மூடும் அதிர்வுக்கே சாயும். இரண்டு கொக்கி போடுங்கள்; அப்போது கம்பியையும் இரண்டு இடத்தில் இழுத்து அளக்க வேண்டும். கடைசியில் ரசமட்டம் வைத்துப் பார்த்துவிடுவது நல்லது.

காகிதத்தில் செய்த வேலைகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். செலோடேப் ஒட்டவே கூடாது; நாளடைவில் பசை மஞ்சளாகிக் காகிதத்துக்குள் இறங்கிவிடும். மெல்லிய ஜப்பானியக் காகிதத் துண்டு இரண்டு, கோதுமை ஸ்டார்ச் பசை, மேல் விளிம்பில் மட்டும் ஒட்டு. நான்கு பக்கமும் ஒட்டினால், ஈரப்பதம் ஏறி இறங்கும்போது விரிந்து சுருங்க இடமில்லாமல் காகிதம் அலை அலையாக உப்பும். கரி ஓவியத்துக்கும் பேஸ்டலுக்கும் எடை குறைவு என்று அக்ரிலிக் தகடு போட்டுவிடாதீர்கள். துடைக்கும்போது உண்டாகும் நிலைமின்சாரம் தூளைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் கட்டிய நிழல் தகட்டில் ஒட்டியிருக்கும். கண்ணாடி போடுங்கள், அதுவும் படத்தைத் தொடாதபடி, நடுவே மவுண்ட் என்னும் அட்டைச் சட்டம் வைத்து, இடைவெளியோடு.

வெளிச்சம் செய்யும் சேதம் கூடிக்கொண்டே போகும், திரும்பி வராது. படத்தின்மேல் விழும் வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள்; நீர்வண்ணத்துக்கு 50 லக்ஸ், தைலவண்ணத்துக்கு 200 லக்ஸ் என்பது அருங்காட்சியக வழக்கம். நீர்வண்ணப் படம் ஒன்றை நாளுக்கு எட்டு மணி நேரம் 200 லக்ஸில் வைத்தால், 40 நாளில் வாங்க வேண்டிய வெளிச்சத்தைப் பத்தே நாளில் வாங்கிவிடும். விளக்கு செங்குத்திலிருந்து சுமார் 30 பாகை சாய்ந்திருக்கட்டும். சுவரை ஒட்டி வந்தால் ஃப்ரேமின் நிழல் படத்தின்மேல் விழும். தள்ளிப் போனால் பார்ப்பவரின் நிழல் விழும்.

அடுத்தது பெயர் அட்டை. எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது இதுதான். பெயரைக் கலைஞர் எப்படி எழுதுகிறாரோ அப்படியே, இனிஷியல் உட்பட. பிறகு தலைப்பு, ஆண்டு, ஊடகம், அளவு. அளவில் உயரம் முதலில், அகலம் பிறகு. ‘கலப்பு ஊடகம்’ என்று போட்டு முடித்துவிடாமல் கேட்டு எழுதுங்கள்: ‘துணியில் தேயிலைச் சாயம், இந்தியன் மை, நூல்’. படித்தவர் உடனே நிமிர்ந்து படத்தைத் திரும்பப் பார்ப்பார். அறிமுகக் குறிப்பும் அப்படித்தான். ‘அபாரத் திறமை கொண்டவர்’ என்பது யாருக்கும் பொருந்தும். ‘கோட்டைப் போட்டபின் அழிப்பதில்லை, தவறிய கோட்டையும் படத்தில் வைத்துக்கொள்கிறார்’ என்பது அவருக்கு மட்டுமே பொருந்தும். கூடவே இருந்து அவர் கையைப் பார்த்த நண்பர்தான் அப்படி எழுத முடியும்.

நட்பு என்பதால் எழுத்து ஒப்பந்தம் வேண்டாம் என்று விட்டுவிட்டால் நட்புக்குத்தான் சேதம். படங்களின் பட்டியல், விலை, விற்றால் யாருக்கு எவ்வளவு, பணம் எத்தனை நாளில், சேதமானால் யார் பொறுப்பு, திருப்பித் தரும் தேதி. ஒரு பக்கம் போதும், இரண்டு கையெழுத்து.

படம் வரும்போது நான்கு மூலைகளையும் பின்புறத்தையும் போட்டோ எடுத்து வையுங்கள். திரும்பும்போது அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அக்ரிலிக் வண்ணத்தின்மேல் பபிள் ராப்பை நேராகச் சுற்றினால், வெயிலில் போகும் வண்டிக்குள் வண்ணம் இளகி வட்ட வட்டமாகத் தடம் பதியும். முதலில் கிளாசின் என்னும் வழவழப்பான மெல்லிய தாள், அதன்மேல் பபிள் ராப், குமிழ்கள் வெளிப்பக்கம் பார்த்தபடி.